அம்பயர் தனபாலனின் நிறை

தனபாலனுக்கு ஊரில் இரண்டு பெயர் இருந்தது. கண்டி மாநகர சபையில் வீட்டுவரி வாங்குகிற ஆதனவரிப் பகுதியில் அவர், சிங்கள மரியாதையோடு, தனபாலன் மாத்தயா. மைதானத்தில் அம்பயர் சேர். முதல் பெயர் அறுபது வயதில் பென்ஷனோடு போய்விட்டது. இரண்டாவது பெயர் அவரை விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் தலை நரைத்த ஆட்கள்கூட எழும்பி இடம் கொடுப்பார்கள். என்றைக்கோ ஒரு சனிக்கிழமை அவர்களுக்கு விரலைத் தூக்கி அவுட் கொடுத்தவர் அவர். அந்தக் கோபத்தை எல்லாம் மறந்துவிட்டு, "சேர், நல்லா இருக்கீங்களா?" என்று சிங்களத்திலோ தமிழிலோ விசாரிப்பார்கள்.

யசோதாவுக்குக் கல்யாணமான புதிதில் இது ஒன்றும் பிடிபடவில்லை. அவள் தபால் கந்தோரில் பார்சல் கவுண்டரில் இருந்தவள். வாரம் முழுக்க நின்று நின்று கால் கடுத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை வந்தால் கொஞ்சம் நீட்டிப் படுக்கலாம் என்று பார்ப்பாள். இந்த மனுஷன் என்னடாவென்றால் விடிய எழும்பி, அயர்ன் பண்ணின வெள்ளைக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வீடு இருக்கிற ஹந்தானை மலைச் சரிவில் இறங்கிப் போவார். பின்னேரம் கழுத்து கறுத்து வருவார்.

"நாள் முழுக்க வெயில்ல நிக்கிறதுக்கு என்னங்க ஆசை?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நான் ஆடி இருந்தா பத்து நிமிஷத்துல அவுட் ஆயிருப்பேன் யசோ. இப்பப் பாரு, நாள் முழுக்க மைதானத்துக்கு நடுவுல நிக்கிறேன்" என்றார்.

அது பொய்யில்லை. பள்ளிக்கூட அணியில் அவரை ஒருநாளும் சேர்த்ததில்லை. ஓட்டக் கணக்கு எழுத உட்கார வைத்தார்கள். எழுதி எழுதி விதிகள் மனசில் ஊறிப்போய், நடுவர் பரீட்சைக்குப் போனார். முதல் தரம் பெயில். இரண்டாம் தரம் பாஸ். மார்க்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்த அவருடைய அப்பா அன்றைக்குக் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு வாழைப்பழம் சும்மா கொடுத்தாராம். அம்பயர் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாதாம்.

தன் புருஷன் எப்பேர்ப்பட்ட அம்பயர் என்பதை யசோதாவுக்குச் சொன்னது ஹலீம். கட்டுகஸ்தோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்தவர். தனபாலனோடு சோடி போட்டு வருஷக் கணக்காக நின்ற அம்பயர். மாட்டுவண்டிக் காளை மாதிரி உடம்பு. படி ஏறி வந்தாலும் மூச்சு வாங்காது.

"தங்கச்சி, இவர் இத ஒங்களுக்குச் சொல்லி ஈக்க மாட்டார்" என்று ஹலீம் ஒரு பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு ஆரம்பித்தார். "அரையிறுதி மேட்ச். ஒரு பொடியனுக்கு இவர் கேட்ச் அவுட் குடுத்துட்டார். பொடியன் பாதித் தூரம் போயிட்டான். இவருக்குச் சந்தேகம். என்கிட்ட வந்து, பந்து தரையில பட்டுச்சா எண்டு கேட்டார். பட்ட மாதிரித்தான் எண்டேன். ஒடனே பொடியனுக்குப் பின்னால ஓடினார் பாருங்க! தோள்ல தட்டித் திருப்பிக் கூட்டிட்டு வந்தார். சனம் எல்லாம் ஹூ எண்டு கத்துது. இவர் தொப்பியச் சரி பண்ணிட்டு, அடுத்த பந்தப் போடச் சொல்லிட்டார்."

ஹலீம் போனபிறகு, "அத்தன பேர் கத்தறப்ப வெக்கமா இல்லையாங்க?" என்று கேட்டாள்.

"பிழைன்னு தெரிஞ்சும் அப்பிடியே நின்னிருந்தா வெக்கமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்தார்.

ஆனால் அதே மனுஷன் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் சந்தேகமே படவில்லை.

முதலில் சப்பாத்து இறுகியது. மழையில் நனைந்து சுருங்கிவிட்டது என்று புதுசு வாங்கினார். அதுவும் இறுகியது. பின்னேரம் காலுறையைக் கழற்றினால் கணுக்காலுக்கு மேலே வளையம் போட்ட மாதிரி ஆழமாகத் தடம் விழுந்திருந்தது. "நாள் முழுக்க நிக்கிறோம்ல, கால் வீங்கத்தான் செய்யும்" என்றார். வீட்டுக்கு வருகிற சரிவில், பாதி வழியில் இருக்கிற சின்னக் கடையில் பேப்பர் பார்க்கிற மாதிரி நின்று மூச்சு விட்டுவிட்டு வந்தார். அதை யசோதாவுக்குச் சொன்னது கடைக்காரர். படுக்கும்போது ஒரு தலகாணி போதாமல் இரண்டானது. பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு தூங்கினார். ஒருநாள் விடியற்காலை எழும்பிப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. யன்னலோரக் கதிரையில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றைக் குடிக்கிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. புழுக்கமா இருக்கு."

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. புழுக்கமாம்!

அந்தக் கிழமைதான் குண்டசாலை மைதானத்தில் ஒரு மேட்ச். ஒரு ஓவர் முடிந்து பக்கவாட்டில் அம்பயர் நிற்கிற இடத்துக்கு நடந்துபோகிற அந்தக் கொஞ்சத் தூரம் அவருக்கு ஏற முடியாத மலையாகத் தெரிந்திருக்கிறது. ஹலீம் கிட்ட வந்து முகத்தைப் பார்த்திருக்கிறார். உதடு நீலம் பூத்திருந்தது. ஆட்டத்தை நிறுத்தி, த்ரீவீலரில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் யசோதாவுக்குப் போன் பண்ணினார்.

யசோதா வார்டுக்குப் போனபோது அவருடைய மூக்கில் ஒட்சிசன் குழாய் இருந்தது. வெள்ளைக் காற்சட்டையில் இன்னும் புல்லுக் கறை.

அவருக்கு எப்போதோ சத்தமில்லாமல் ஒரு மாரடைப்பு வந்துபோயிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். இருதயத்தின் வலு குறைந்துவிட்டது. இரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியவில்லை. அதனால் தண்ணீர் உடம்பில் தேங்கி, முதலில் காலிலும் பிறகு நெஞ்சிலும் இறங்கியிருக்கிறது. ஊசி போட்டுப் போட்டு அந்தத் தண்ணீரை எடுத்தார்கள். எடுக்க எடுக்க, வீங்கியிருந்த மனுஷன் வற்றிக்கொண்டே வந்தார். ஒரு கிழமையில் யசோதா அந்தக் காலை மறுபடி எலும்பும் நரம்புமாகப் பார்த்தாள். அத்தனை மாதமாகத் தன் புருஷன் தண்ணீரைச் சுமந்துகொண்டு அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கிறார்.

வீட்டுக்கு விடுகிற அன்றைக்கு, இருதய நோயாளர் கிளினிக்கைப் பார்க்கிற நர்ஸ் பிரியாந்தினி மிஸ்ஸி அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பேச்சு மெதுவாக இருக்கும், விஷயத்தை விடமாட்டாள்.

"ஐயா, விரலால உங்கட காலை எலும்போட சேர்த்து அமத்திப் பிடியுங்கோ. இப்ப எடுங்கோ. குழி விழேல்ல, பாத்தியளே? குழி விழுந்து நிண்டால் தண்ணி திரும்ப வருதெண்டு அர்த்தம். ஆனா கால் சொல்லுறதுக்கு முதலே நிறை சொல்லிப்போடும். காலமை எழும்பி, பாத்ரூம் போய்ட்டு வந்து, ஒண்டும் சாப்பிட முதல், ஒரே மாதிரி உடுப்போட ஒவ்வொரு நாளும் நிறை பாருங்கோ. ரெண்டு மூண்டு நாளைக்குள்ள ரெண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பில்லை, தண்ணி. மூச்சு வாங்குமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம். உடன எங்களுக்குப் போன் அடியுங்கோ."

"தண்ணி எவ்வளவு குடிக்கலாம்?" என்று யசோதா கேட்டாள்.

"ஐயாவுக்கு ஒன்றரை லீற்றர். காலமை ஒரு போத்தல்ல நிரப்பி வையுங்கோ அம்மா. தேத்தண்ணி குடிச்சால் அந்தளவு தண்ணியப் போத்தல்ல இருந்து ஊத்திப் போடுங்கோ. சொதி, கஞ்சி, ஐஸ்கிறீம் எல்லாம் கணக்கில வரும். போத்தல் முடிஞ்சால் அண்டைக்கு முடிஞ்சுது. உப்பு கண்டிப்பாக் குறையவேணும். கருவாடு, அச்சாறு, அப்பளம் எல்லாத்தையும் மறந்திடுங்கோ."

"நான் எப்ப மைதானத்துக்குப் போகலாம்?" என்று தனபாலன் கேட்டார். அதுவரை அவர் வாயே திறக்கவில்லை.

"முதல்ல வீட்டை போங்கோ ஐயா" என்று பிரியாந்தினி சிரித்தாள்.

வீட்டில் அவர் பட்ட பாட்டைவிட யசோதாவைப் படுத்திய பாடுதான் பெரிசு. கம்பளையில் கட்டிக்கொடுத்த மகள் சஞ்சீவனி வந்து, நிறை பார்க்கிற ஒரு கண்ணாடித் தராசைக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதை ஒரு பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். உப்பில்லாத பருப்பைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். சமையலறை அலுமாரியில் மறைத்து வைத்திருந்த எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல் தானாகவே குறைந்துகொண்டு வந்தது. வாய் கொப்பளிக்கிறேன் என்று குழாயடிக்குப் போனவர் திரும்பி வர நேரம் எடுத்தது. சனிக்கிழமைகளில் யன்னலோரத்தில் உட்கார்ந்து, கீழே நகரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வெள்ளைக் கோட்டை யசோதா துவைத்து மடித்து உள்ளே வைத்தாள். அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

ஒரு காலை தராசில் ஏறினார். முந்தின நாளைவிட ஒரு கிலோவுக்கு மேலே காட்டியது.

"மெஷின் பிழை" என்றார்.

யசோதாவுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பார்சல் நிறுத்து நிறுத்தே காலம் தள்ளியவள் அவள். நிறை கூடிவிட்டது, இன்னும் முத்திரை ஒட்டுங்கள் என்றதற்காக அவளோடு சண்டை பிடித்த சனத்துக்குக் கணக்கே இல்லை. உள்ளே போய், கட்டுப் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைக் கொண்டுவந்து தராசில் வைத்தாள்.

"பாருங்க. சரியா அஞ்சு காட்டுதா இல்லையா?"

அவர் குனிந்து பார்த்தார்.

"முப்பது வருஷமா நீங்க மைதானத்துல சொன்னத மத்தவங்க ஏத்துக்கிட்டாங்க. இந்தத் தராசு சொல்றத மட்டும் நீங்க ஏத்துக்க மாட்டீங்க. அப்பிடித்தானே?"

"யசோ..."

"ஊறுகாய் திங்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா? ஒளிச்சு வச்சதே நான்தான். தூக்கிப் போடாம விட்டது என் பிழை. இன்னைக்குப் போடுறேன்."

போத்தலை எடுத்துப்போய் அவர் கண்முன்னாலேயே குப்பை வாளியில் போட்டாள். திரும்பி வந்தபோது அவர் கதிரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். யசோதா அவர் அழுது பார்த்ததில்லை. அவருடைய அப்பா செத்தபோதுகூட இல்லை.

"நான் இனிமே எதுக்கும் உதவாத ஆளாப் போயிட்டேன் போலருக்கு" என்றார்.

யசோதா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அத யாரு சொன்னா? டொக்டர் சொன்னாரா? அந்த யாழ்ப்பாணத்துப் புள்ள சொல்லிச்சா? நீங்களா அவுட் குடுத்துக்கிட்டா எப்பிடி?"

மறுநாளிலிருந்து மனுஷன் மாறினார். மெல்ல மெல்ல எல்லாம் இல்லை, ஒரேயடியாக. காலையில் இடுப்பில் அதே நீலச் சாரம், தராசு அதே தரை ஓட்டின் மேல், ஏறி நின்றால் மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். எண்ணை உரக்கச் சொல்வார். சமையலறையிலிருந்து யசோதா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் இறங்குவார். போத்தல் தண்ணீரை அவரே நிரப்பினார். தேத்தண்ணியைச் சின்னக் கோப்பைக்கு மாற்றினார். ஊற்ற வேண்டிய தண்ணீரை வீணாக்காமல் யன்னலோரத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார். அவர் தாகத்தோடு இருக்க இருக்க, அந்தச் செடி தளதளவென்று வளர்ந்தது. நாக்கு வறண்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு, அதையும் கணக்கில் சேர்த்தார். யசோதா உப்புக்குப் பதிலாக எலுமிச்சையும் மிளகும் கொத்தமல்லியும் போட்டுச் சமைத்துப் பழகினாள். முதல் மாதம் இரண்டு பேருக்கும் வாய்க்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு கடைச் சாப்பாடுதான் கரித்தது.

டொக்டர் நடக்கச் சொன்னார். முதலில் கடைவரை. பிறகு கோயில்வரை. பிறகு த்ரீவீலரில் கீழே இறங்கிப்போய் வாவியைச் சுற்றி, மரத்தடி வாங்குகளில் உட்கார்ந்து உட்கார்ந்து நடந்தார்கள். யசோதா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் போவாள். உட்காராமல் ஒரு முழுச் சுற்று வந்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து அந்த வெள்ளைக் கோட்டை எடுத்து வெயிலில் போட்டார்.

வருஷம் திரும்பியது. எக்கோ எடுத்துப் பார்த்த டொக்டர், இருதயம் கொஞ்சம் தேறியிருக்கிறது, சின்னப் பிள்ளைகளின் அரைநாள் மேட்சுக்குப் போகலாம் என்றார். போனார். அடுத்து ஒருநாள் மேட்ச். குளிர்பானம் கொண்டுவருகிற பையன்கள் ஒரு போத்தலை நீட்டுவார்கள். இவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு மருந்துக் கோப்பையை எடுத்து, அளந்து இரண்டு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது. ஊரே திரள்கிற ஒரு மேட்ச் கண்டியில் உண்டு. இரண்டு பெரிய பள்ளிக்கூடங்கள், இரண்டு நாள் ஆட்டம், பாண்ட் வாத்தியம், கொடி, கூடாரம். அத்தனை வருஷத்தில் தனபாலனை ஒருமுறையும் அதற்குப் போட்டதில்லை. அவர் கேட்டதுமில்லை. நடுவர் சங்கச் செயலாளர் போனில் சொன்னார், இந்த வருஷம் ஹலீமும் தனபாலனும்.

போனை வைத்துவிட்டு அவர் யசோதாவைப் பார்த்த பார்வை, பெண் பார்க்க வந்த அன்றைக்குப் பார்த்த பார்வை.

மேட்சுக்கு மூன்று நாள் முன்னால் சஞ்சீவனி கம்பளையில் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினாள். போகாமல் இருக்க முடியுமா? அன்றைக்குக் கொளுத்துகிற வெயில். வந்தவர்களெல்லாம் பெரிய மேட்சைப் பற்றியே கேட்டார்கள். சந்தோஷத்தில் மனுஷனுக்குக் கை கட்டுப்படவில்லை. சாம்பார், அப்பளம், பாயசம், சம்பந்தி வீட்டார் வற்புறுத்திக் கொடுத்த மோர். யசோதா இரண்டு தரம் கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார். இரவு தங்கி, மறுநாளும் அங்கேதான் சாப்பாடு.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை யசோதா அடுப்படியில் நின்று காத்திருந்தாள். எண் வரவில்லை. எட்டிப் பார்த்தாள். அவர் தராசிலிருந்து இறங்கி, அதைப் பக்கத்து ஓட்டுக்கு நகர்த்தி, மறுபடி ஏறினார். இறங்கினார். பழைய இடத்துக்கே நகர்த்தி, இன்னொரு தரம் ஏறினார். பிறகு குனிந்து காலை அமுக்கிப் பார்த்தார்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மேட்ச் மறுநாள். மூச்சு வாங்கவில்லை. நடை நன்றாகத்தான் இருந்தது. ஒரு எண்ணை மாற்றிச் சொன்னால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று ஒரு நொடி அவளுக்கே தோன்றியது. இந்த மேட்சுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தவர்!

"யசோ" என்று கூப்பிட்டார். குரல் சரியாகத்தான் இருந்தது. "ரெண்டு கிலோவுக்கு மேல ஏறிடுச்சு. காலும் குழி விழுது."

அவரே கிளினிக்குக்குப் போன் பண்ணினார். பிரியாந்தினி எல்லாவற்றையும் கேட்டாள். என்ன சாப்பிட்டது, மூச்சு எப்படி, எத்தனை தலகாணி. டொக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப எடுத்தாள். "ஐயா, தண்ணி போறதுக்குப் போடுற குளிசையை டொக்டர் சொன்ன மாதிரிக் கூட்டிப் போடுங்கோ. உப்பை அறவே விடுங்கோ. மூச்சு முட்டினால் ஒண்டும் யோசிக்காம உடன வாங்கோ. இல்லாட்டி நாளைக்கு அடுத்தநாள் ரத்தம் பாக்க வாங்கோ. நிறை பழையபடி இறங்குமட்டும் வெயில்ல நிக்கக்கூடாதாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட மேட்ச் நாளைக்கெல்லோ? எனக்குக் கவலையா இருக்கு ஐயா" என்றாள்.

"நீங்க சொல்ல வேண்டியதச் சொன்னீங்க மிஸ்ஸி" என்றார் தனபாலன்.

அடுத்த போன் செயலாளருக்கு. யசோதா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொந்தத்தில் ஒரு சாவு என்று சொல்வார், அல்லது மகளுக்குச் சுகமில்லை என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான சிங்களத்தில் சொன்னார்.

"எனக்கு இருதய வருத்தம் இருக்கிறது உங்களுக்குத் தெரியும். இந்த மூன்று நாளில் உடம்பில் தண்ணீர் தேங்கி நிறை ஏறியிருக்கிறது. சாப்பாட்டில் கவனமில்லாமல் இருந்தது நான்தான். இரண்டு நாள் வெயிலில் நின்றால் கடைசி ஓவரில் என் கண்ணையும் காதையும் நான் நம்ப முடியாது. பிள்ளைகளுக்கு அது நியாயமில்லை. வேறு ஆளைப் போடுங்கள்."

அந்தப் பக்கத்திலிருந்து செயலாளர் என்னவோ சொன்னார். இவர் நன்றி சொல்லி வைத்தார்.

யசோதா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருடைய காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முன்னொரு நாள் ஒரு பொடியனைத் திருப்பிக் கூட்டி வந்த கதையை ஹலீம் சொல்லக் கேட்டதுதான். இன்றைக்கு அவள் கண்ணாலேயே பார்த்தாள். இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன் என்று நெஞ்சு நிறைந்தது.

மேட்ச் நடந்த இரண்டு நாளும் பாண்ட் சத்தம் மலைவரைக்கும் கேட்டது. அவர் யன்னலைச் சாத்தவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு, "விக்கெட் விழுந்திருச்சு" என்பார். இரண்டாம் நாள் காலை நிறை இறங்கத் தொடங்கியது. அந்தக் கிழமை முடிய, பழைய எண்ணுக்கே வந்து நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பார்க்காமலே தண்ணீர் வந்த வழியில் போய்விட்டது. "இதுதான் ஐயா வேணும்" என்று பிரியாந்தினி கிளினிக்கில் வைத்துச் சொன்னாள். காத்திருந்த மற்ற நோயாளிகளுக்கும் கேட்கிற மாதிரி, அவள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள் என்று யசோதாவுக்குப் பட்டது.

அதோடு முடியவில்லை. செயலாளர் அந்தப் போன் கதையைச் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹலீம் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். படி ஏறிய களைப்பு முகத்தில் தெரிந்தது. யசோதா அதற்கு முன் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"என்னண்ணே, உள்ளுக்கு வாங்க."

"தங்கச்சி, அந்தத் தராசு எங்க ஈக்குது?" என்றார் ஹலீம். பிறகு தனபாலனைப் பார்க்காமல், "எனக்கும் கொஞ்ச நாளா சப்பாத்து இறுகுது. இவ்வளவு கால ஹயாத்துல ஒருநாளும் நோயெண்டு படுத்ததில்ல. அதால ஊட்டுல சொல்லல்ல. நீங்க வெளியில சொன்னீங்க எண்டு கேள்விப்பட்ட பொறகுதான் எனக்கும் வாய் வந்திச்சி" என்றார்.

தனபாலன் எழும்பி, தன் கதிரையை அவருக்கு இழுத்துப் போட்டார். யசோதா அவருடைய சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். பெருவிரலால் கணுக்காலுக்கு மேல் அமுக்கி எடுத்தாள். குழி அப்படியே நின்றது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நாளைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார் தனபாலன். "நீங்க என்னைய த்ரீவீலர்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோன மாதிரி இல்ல. பஸ்ல ஏறி எறங்கி, ஒங்க கால்லயே நடந்து போகலாம். அவ்வளவு நேரத்தோட வந்திருக்கீங்க."

அப்படித்தான் ஆனது. ஹலீமுக்கும் இருதயம்தான், ஆனால் ஆரம்பம். மருந்தோடு நின்றது. ஒருநாள்கூட வார்டில் படுக்கவில்லை. அவருடைய மனைவி றமீஸா யசோதாவுக்குப் போன் பண்ணி, உப்பில்லாமல் இறைச்சி சமைப்பது எப்படி என்று கேட்டாள். இரண்டு பெண்களும் அரைமணி நேரம் மிளகையும் எலுமிச்சையையும் பற்றிப் பேசினார்கள்.

அடுத்த வருஷம் பெரிய மேட்சுக்குச் சங்கம் மறுபடியும் தனபாலனைப் போட்டது. அந்தக் கிழமை முழுக்க அவர் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. மேட்ச் அன்று காலை தராசில் ஏறி எண்ணைச் சொன்னார். யசோதா திருப்பிச் சொன்னாள். ஒரு கிராம் கூடவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு யசோதாவும் போனாள். இத்தனை வருஷத்தில் அவர் நிற்கிற ஒரு மேட்சையும் அவள் போய்ப் பார்த்ததில்லை. நீலச் சேலை கட்டி, தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்து, ஓரத்துக் கூடாரத்தில் பிள்ளைகளின் தாய்மாரோடு உட்கார்ந்தாள். மைதானத்துக்கு நடுவில் அவர் வெள்ளைக் கோட்டோடு நின்றார். தூரத்திலிருந்து பார்க்க, பிள்ளைகளைவிட நிமிர்ந்து நின்றார்.

மத்தியானத்துக்குக் கிட்ட, நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பையனின் காலில் பந்து பட்டது. பந்து போட்டவன் திரும்பிக் கத்தினான். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தனபாலனின் விரல் எழும்பியது.

பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் துள்ளி எழும்பினாள். "எந்தக் கண்ணால பாத்தாரோ அந்த அம்பயர்! என் புள்ள எவ்வளவு நல்லா அடிச்சுக்கிட்டிருந்தான்! வயசான ஆளுங்கள எல்லாம் ஏன்தான் கொண்டாந்து நிப்பாட்டுறாங்களோ!"

யசோதா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அவர் எங்க வீட்டுக்காரர்" என்றாள். "உங்க மகன் நல்லாத்தான் ஆடினார். ஆனா அவுட்டு."

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. மறுபடி கதிரையில் உட்கார்ந்தாள். மைதானத்தில் தண்ணீர் இடைவேளை. போத்தல்களோடு ஓடி வந்த பையன்களுக்கு நடுவில் அவர் மருந்துக் கோப்பைக்காகத் தன் சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்.